வெள்ளிக்கிழமை ஆட்டமும் புரோட்டானும்: லினக்ஸில் இரண்டரை வருடம்

அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார், நான் திருப்பூரில். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே இரவு எட்டு மணி ஆகும்போது இங்கே ஒன்பதரை. அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற கம்ப்யூட்டர் கேமைத் திறந்துவிடுவோம். ஒரே அணியில் நாங்கள் இருவர், எதிரில் முகம் தெரியாத இருவர். பேச்சில் பாதி ஆட்டம், பாதி வீட்டு விஷயம். அம்மாவின் சர்க்கரை அளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, அண்ணியின் வேலை, எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுகிற ஆள், ஆட்டத்தில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பேசுவார்.

2023 தொடக்கத்தில் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஐ5-6500 பிராசஸர், 16 ஜிபி ராம், பழையதாக வாங்கிய ஆர்எக்ஸ் 570 கிராஃபிக்ஸ் கார்டு. மிஷின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இது ஆறாம் தலைமுறை. புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீட்டில் எனக்கு வேண்டியது பிரவுசரும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும்தான், அதெல்லாம் முதல் நாளே சரியாகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே கேள்வி, வெள்ளிக்கிழமை ஆட்டம் நடக்குமா என்பதுதான். இந்த விமர்சனம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில். முக்கியமாக, கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமோடு வரும் புரோட்டானைப் பற்றி, கூடவே கேம்களை நிறுவித் திறக்க உதவும் ஹீரோயிக், லூட்ரிஸ் என்ற இரண்டு லாஞ்சர்களைப் பற்றியும்.

புரோட்டான் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டுவதற்கு வைன் என்ற மென்பொருள் 1993-லிருந்தே உருவாகி வருகிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், கோட்வீவர்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, அந்த வைனைக் கேம்களுக்கு ஏற்றபடி கட்டி 2018 ஆகஸ்டில் புரோட்டானாக வெளியிட்டது. உள்ளே முழு விண்டோஸ் எதுவும் கிடையாது. கேம் விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் இது லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்கிறது, நடுவில் நிற்கும் துபாஷி மாதிரி. டைரக்ட்எக்ஸ் 11 வரைக்கும் உள்ள படம் வரையும் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதி, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற முறைக்கு மாற்றுகிறது, டைரக்ட்எக்ஸ் 12-ஐ விகேடி3டி-புரோட்டான் பார்த்துக்கொள்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க மிஷின் லினக்ஸில்தான் ஓடுகிறது. அதனால் இந்த வேலை ஏதோ சிலர் ஆர்வத்தில் செய்வதாக இல்லாமல், மாதாமாதம் முன்னேறும் ஒன்றாகிவிட்டது. இதற்குக் காசு எதுவும் கிடையாது.

ஸ்டீமைப் போட்டு, செட்டிங்ஸில் கம்பேட்டிபிளிட்டி பகுதிக்குப் போய், எல்லாக் கேம்களுக்கும் புரோட்டானைப் பயன்படுத்தலாம் என்று டிக் செய்தேன். கேம் இறங்கியது. பிளே பட்டனை அழுத்தினேன். பட்டன் நீலமாகி ஸ்டாப் என்று மாறியது, மூன்று விநாடி அப்படியே நின்றது, மறுபடி பிளே என்று ஆனது. அவ்வளவுதான். எந்த எரர் செய்தியும் இல்லை. லினக்ஸில் கேம் ஆடுகிற எல்லோருக்கும் இந்த மூன்று விநாடி பழக்கமானது. புதிதாக வருகிறவர் 'நமக்கு ஒத்துவராது' என்று விட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். ஸ்டீம் அந்த இடத்தில் ஒரு வரியாவது காரணம் சொல்லலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காரணம் என் பக்கம்தான் இருந்தது. எஸ்எஸ்டியில் இடம் மிச்சம் பிடிக்க, விண்டோஸ் காலத்து இரண்டாவது டிஸ்கில் கேமை இறக்கியிருந்தேன். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருந்தது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு பொய் விண்டோஸ் வீட்டைக் கட்டுகிறது. பிரிஃபிக்ஸ் என்று அதற்குப் பெயர். ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காம்பேட்டேட்டா என்று ஒன்று இருக்கும், அதற்குள் கேமின் எண்ணில் ஒரு ஃபோல்டர். என் கேமுக்கு 813780. அதைத் திறந்து உள்ளே போனால் டாஸ்டிவைசஸ் என்ற இடத்தில் சி டிரைவுக்கு ஒரு இணைப்பு இருக்கும், அதன் பெயரே ஆங்கில சி எழுத்தும் அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளியும்தான். விண்டோஸின் ஃபைல் பெயர்களில் அந்த முக்காற்புள்ளிக்கு இடமில்லை. அதனால் என்டிஎஃப்எஸ் டிஸ்கில் இந்த வீடு ஒழுங்காக எழும்புவதில்லை. காம்பேட்டேட்டா ஃபோல்டரை மட்டும் லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்கில் வைத்து, பழைய இடத்திலிருந்து ஒரு இணைப்புக் கொடுத்தேன். கேம் திறந்தது. இரண்டு வாரம் கழித்து அந்த டிஸ்கையே காலி செய்து எக்ஸ்ட்4 ஆக்கிவிட்டேன். நீங்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்.

முதன்முதலாக கேம் திறந்த அன்று திராவிடர்களைத் தேர்ந்தெடுத்தேன். 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் சேர்ந்த நாகரிகம் அது. சுருள்வாள் வீரன் உண்டு, ராஜேந்திர சோழன் பெயரில் தனி கேம்பெய்னும் உண்டு. அந்த வீரர்களும் விவசாயிகளும் நாம் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வார்கள். சமையலறையில் இருந்த அம்மா, யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைதான் பெரிய அடி விழுந்தது. தனியாக ஆடும்போது ஒரு குறையும் இல்லை. அண்ணனோடு சேர்ந்ததும், சுமார் இருபதாவது நிமிடத்தில் ஆட்டம் நின்றது. 'அவுட் ஆஃப் சிங்க்' என்று ஒரு பெட்டி. மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நின்றது. மூன்றாவது முறை அண்ணன், 'என்ன பாப்பா, நெட்டு போகுதா?' என்றார். 'இல்லைங்கண்ணா, நெட் நல்லாத்தான் இருக்கு' என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் லினக்ஸில் மல்டிபிளேயர் ஏன் தனி விஷயம் என்பது இதில்தான் எனக்குப் புரிந்தது. இந்த மாதிரி உத்தி கேம்களில், இருநூறு வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதில்லை. 'இந்த ஆளை அங்கே அனுப்பு' என்ற கட்டளை மட்டும்தான் போகிறது. அந்தக் கட்டளையை வைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முழு ஆட்டத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. எல்லோருடைய கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வர வேண்டும். என் கம்ப்யூட்டர் வைனின் கணித நூலகத்தை வைத்துக் கணக்குப் போட்டது, அண்ணனுடையது மைக்ரோசாஃப்டின் நூலகத்தை வைத்து. இரண்டும் சரியான விடைகள்தான். ஆனால் ஒரு சைன், ஒரு கொசைன் கணக்கில் தசமத்தின் கடைசியில் ஒரு துளி வேறுபட்டால் ஒரு வீரன் துளி தள்ளி நிற்பான், கொஞ்ச நேரத்தில் அவன் எய்த அம்பு ஒருவர் கணக்கில் பட்டிருக்கும், இன்னொருவர் கணக்கில் தவறியிருக்கும். கேம் அவ்வப்போது இருவர் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் நிறுத்திவிடுகிறது. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பைசா இடித்தால் நாங்கள் மூடாமல் உட்கார்ந்திருப்போமே, அதேதான். அந்தப் பெட்டியின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

தீர்வு ஏற்கெனவே பலர் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பை இறக்கி, கேப்எக்ஸ்ட்ராக்ட் என்ற சின்னக் கருவியால் பிரித்து, அதிலிருந்து மைக்ரோசாஃப்டின் அந்தக் கணித நூலகம் இருக்கும் யூசிஆர்டிபேஸ் என்ற டிஎல்எல் ஃபைலை எடுத்து, பிரிஃபிக்ஸுக்குள் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட வேண்டும். அவ்வளவுதான். அடுத்த வெள்ளி ஒரு மணி நாற்பது நிமிடம் ஆட்டம் நிற்காமல் போனது. கடைசியில் தோற்றோம், ஆனாலும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு ஒருமுறை புரோட்டான் பதிப்பை மாற்றியபோது பிரிஃபிக்ஸில் இருந்த அந்த ஃபைல் பழையபடி ஆகிவிட்டது, மறுபடி போட வேண்டியிருந்தது. அதனால் அந்த டிஎல்எல்லை ஹோம் ஃபோல்டரில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இதை வைத்து, கேம் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். புரோட்டான்டிபி என்ற தளத்தில் ஒவ்வொரு கேமும் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதுகிறார்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், போர்க்டு என்று தரம் போட்டிருக்கும். நிறத்தை மட்டும் பார்த்துக் காசு கட்டாதீர்கள். தனியாக ஆடினவர் மனசாரப் பாராட்டியிருப்பார், அவர் சொல்வது உண்மையும்கூட, ஆனால் அது உங்கள் வெள்ளிக்கிழமைக்கு உதவாது. தேதியைப் பாருங்கள், மல்டிபிளேயர் ஆடிப் பார்த்தாரா என்று பாருங்கள். ஜிடிஏ 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கதைப் பகுதி புரோட்டானில் அருமையாக ஓடும். ஆன்லைன் பகுதியில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பைச் சேர்த்தார்கள், அன்றிலிருந்து லினக்ஸில் ஆன்லைனுக்குள் போக வழியில்லை. ஒரே கேம், இரண்டு நிலைமை.

ஏமாற்றுத் தடுப்பு, அதாவது ஆன்ட்டி-சீட், இதில் பெரிய விஷயம். அக்கா பையனுக்குப் பதினாறு வயது. என் மிஷினில் கேம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, 'சித்தி, என் லேப்டாப்லயும் லினக்ஸ் போட்டுக் குடுங்க' என்றான். என்ன ஆடுவாய் என்று கேட்டேன். வேலரன்ட் என்றான். வேண்டாம், விண்டோஸையே வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் அது நடக்காது. வேலரன்ட்டின் ஆன்ட்டி-சீட்டான வேங்கார்ட், விண்டோஸின் அடித்தளமான கெர்னல் வரைக்கும் இறங்கி உட்கார்ந்து கண்காணிக்கிற ரகம். வைன், புரோட்டான் எல்லாம் சாதாரண புரோகிராம் மாதிரி மேலே ஓடுபவை. விண்டோஸ் கெர்னலுக்கு எழுதிய டிரைவரைப் போட இங்கே அந்தக் கெர்னலே கிடையாது. அதே வேங்கார்டை 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் சேர்த்தார்கள். அதுவரை வருடக்கணக்காக லினக்ஸில் அதை ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு கதவு சாத்தப்பட்டது.

எல்லா ஆன்ட்டி-சீட்டும் அப்படி இல்லை. ஈஸி ஆன்ட்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு கேமையும் உருவாக்கியவர் தன் பக்கம் அதை அனுமதிக்க வேண்டும். அனுமதித்தால் ஓடும். எல்டன் ரிங், ஹன்ட்: ஷோடவுன், தி ஃபைனல்ஸ் மூன்றிலும் ஈஸி ஆன்ட்டி-சீட் இருக்கிறது, மூன்றும் ஓடுகின்றன. ஃபோர்ட்நைட்டிலும் அதே ஈஸி ஆன்ட்டி-சீட் உண்டு, அங்கே அனுமதி இல்லை, ஓடாது. பேட்டில்ஐ இருக்கும் டேஇசட் ஓடுகிறது, டெஸ்டினி 2 ஓடாது. கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022-லிருந்து ஸ்டீம் டெக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் 31-ல் நிறுத்திவிட்டார்கள். அண்ணனும் அவர் ஆபீஸ் நண்பர்களும் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள், நானும் நடுவில் சேர்ந்திருந்தேன். நேர்மையாக ஆடுகிற ஒருவரை, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கிறார் என்பதை வைத்து வெளியே நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இப்போதும் வருத்தம்தான்.

ஆகவே ஒரு மல்டிபிளேயர் கேம் ஓடவில்லை என்றால் நான் முதலில் கேட்பது, இது என்னால் சரிசெய்யக்கூடியதா, அல்லது அந்தப் பக்கம் பூட்டிய கதவா என்பதுதான். ஆர் வி ஆன்ட்டி-சீட் யெட் என்ற தளத்தில் கேமின் பெயரைத் தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பூட்டிய கதவு என்றால் அந்த ராத்திரியை அதில் செலவழிக்காதீர்கள். ஏதாவது ஃபைலை மாற்றி ஏமாற்றி உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்கையே தடை செய்துவிடுவார்கள், பல வருடம் சேர்த்தது ஒரே நாளில் போய்விடும். அனுமதி உள்ள கேம் என்றால், ஸ்டீம் லைப்ரரியில் டூல்ஸ் என்பதையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். புரோட்டான் ஈஸி ஆன்ட்டி-சீட் ரன்டைம், புரோட்டான் பேட்டில்ஐ ரன்டைம் என்று இரண்டு இருக்கும், வழக்கமாகத் தானாக வந்துவிடும். இடம் போதவில்லை என்று ஒருமுறை இவற்றை நானே அழித்துவிட்டு, ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் லாபியில் இருந்து திரும்பத் திரும்ப வெளியே தள்ளப்பட்டேன்.

சரி, சரிசெய்யக்கூடியவை. முதலில் கேமின் பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிளிட்டிக்குப் போய் வேறு புரோட்டானை மாற்றிப் பார்ப்பேன். எக்ஸ்பெரிமென்டல் என்ற பதிப்பில் புதுத் திருத்தங்கள் சீக்கிரம் வரும். குளோரியஸ்எக்ரோல் என்ற பெயரில் ஒருவர் வெளியிடும் ஜிஇ-புரோட்டான் இன்னொன்று. தனித்தனிக் கேம்களுக்கான சின்னச் சின்னத் திருத்தங்கள் அதில் நிறைய சேர்ந்திருக்கும். அதை இறக்க புரோட்டான்அப்-கியூடி என்ற கருவி போதும், ஒரு சொடுக்கில் முடியும். அதிலும் சரியாகவில்லை என்றால் லாக், அதாவது கேம் ஓடும்போது நடப்பதை எழுதிவைக்கும் ஃபைல். லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் புரோட்டான் லாக் என்ற மாறியை 1 என்று வைத்தால், ஹோம் ஃபோல்டரில் கேமின் எண்ணோடு ஒரு ஃபைல் உருவாகும். பல ஆயிரம் வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். எர், அதாவது எரர், என்று குறிப்பு உள்ள வரிகளைப் பாருங்கள்.

மின்ட் 21 வைத்திருந்தபோது ஒரு ஷூட்டர் கேம், மேப் ஏறும்போது சரியாகப் பாதியில் மூடிக்கொண்டது. அது நினைவக வரைபட வரம்பு விஷயம். ஒரு புரோகிராம் எத்தனை தனித்தனித் துண்டாக நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு லினக்ஸில் 65,530 என்று ஒரு பழைய உச்சவரம்பு. இன்றைய பெரிய கேம்களுக்கு அது போதாது. சிஸ்கண்ட்ரோல் என்ற சிஸ்டம் அமைப்பு வழியாக 10,48,576 ஆக உயர்த்தியதும் அப்படி மூடிக்கொள்வது நின்றுவிட்டது. உபுண்டு 24.04-லிருந்து அதுவே வழக்கமான எண் ஆகிவிட்டதால், அதன் மேல் கட்டிய மின்ட் 22-க்கு மாறியபின் இதை யோசிக்கவே வேண்டியதில்லை.

இனி லாஞ்சர்கள். ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய கேம்கூட, அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்த லாஞ்சரைத் திறந்து, அதற்குள் இன்னொரு லாகின் கேட்டு, பிறகுதான் ஆட்டத்துக்கு விடும். விண்டோஸில் இது வெறும் தொல்லை. லினக்ஸில் ஒரு புரோகிராமுக்குப் பதிலாக இரண்டு புரோகிராம் ஓட வேண்டும், அதில் அடிக்கடி இடறுவது இரண்டாவதுதான். இந்த லாஞ்சர்களில் பெரும்பாலானவை உள்ளே ஒரு முழு பிரவுசரை வைத்திருப்பவை. பெயர் சொல்ல விரும்பாத ஒன்று, ஒரு வியாழன் இரவு தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டு, அதன்பின் ஜன்னல் கறுப்பாக மட்டும் திறந்தது. மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது, அதனால் ஸ்டீமில் பட்டன் ஸ்டாப் என்றே நின்றது. சிஸ்டம் மானிட்டரைத் திறந்து வைன் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தவற்றை எல்லாம் நிறுத்தி, மறுபடி திறந்தும் கறுப்புதான்.

இந்த மாதிரி நேரத்தில் 'பிரிஃபிக்ஸை அழித்துவிடு, புதிதாக உருவாகும்' என்று சொல்வார்கள். யோசனை சரி, ஆனால் அழிக்காதீர்கள். கணக்கு வேலையில் பழைய லெட்ஜரைக் கிழிக்க மாட்டோம், கட்டி மேலே வைப்போம். நானும் அந்த எண்ணுள்ள ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்துவிட்டு ஸ்டீமைத் திறந்தேன். புது பிரிஃபிக்ஸ் உருவானது, லாஞ்சர் புதிதாக நிறுவிக்கொண்டது, லாகின் வந்தது, கேம் ஓடியது. அப்புறம்தான் கவனித்தேன், அந்தக் கேமின் கதைப் பகுதியில் நான் சேமித்தது எதுவும் இல்லை. அது கிளவுடில் ஏறாத கேம். பழைய ஃபோல்டருக்குள் சி டிரைவ், யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போய், டாக்குமென்ட்ஸில் இருந்து எடுத்து புதியதில் போட்டேன். நாற்பது மணி நேர ஆட்டம் திரும்பி வந்தது.

எபிக் கடையில் வாங்கியவற்றுக்கு நான் ஹீரோயிக் பயன்படுத்துகிறேன். இதன் அழகு என்னவென்றால், எபிக்கின் விண்டோஸ் லாஞ்சரை இது ஓட்டுவதே இல்லை. லாகின், கேமை இறக்குவது, அப்டேட் எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கமே லெஜண்டரி என்ற கருவியை வைத்து முடித்துவிட்டு, கேமை மட்டும் புரோட்டானில் திறக்கிறது. இடறும் அந்த இரண்டாவது புரோகிராமே இல்லை. ஜிஓஜி, அமேசான் கணக்குகளையும் இதிலேயே சேர்க்கலாம். செட்டிங்ஸில் ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ரன்டைம்களுக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது. பார்க்கவும் தெளிவாக இருக்கும். முதல் தடவை லினக்ஸுக்கு வருகிறவருக்கு நான் ஸ்டீமுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

லூட்ரிஸ் வேறு குணம். எந்தக் கடையில் வாங்கியதானாலும், பழைய சிடியில் இருந்ததானாலும், ஒரே இடத்தில் அடுக்கிவைக்கலாம். நிறுவுவதற்கு மற்றவர்கள் எழுதிய ஸ்கிரிப்ட்கள் இருக்கும். ஸ்கிரிப்ட் புதிதாக இருந்தால் சுகமாக முடியும். இரண்டு வருடம் யாரும் தொடாததாக இருந்தால் நடுவில் நிற்கும், அதனால் எழுதிய தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் லூட்ரிஸ் மட்டும் போட்டு, லாஞ்சர் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். கேம் 64 பிட், ஆனால் லாஞ்சர் 32 பிட். அவர் மிஷினில் 32 பிட் வல்கன் டிரைவர் இல்லை. லூட்ரிஸ் திறக்கும்போதே அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கிறது, அவர் படிக்காமல் மூடியிருக்கிறார். மேசா வல்கன் டிரைவரின் ஐ386, அதாவது 32 பிட், தொகுப்பைச் சேர்த்ததும் திறந்தது. எனக்கும் அவருக்கும் ஏஎம்டி கார்டு, அதனால் டிரைவர் வேலை இத்தோடு முடிந்தது. என்விடியா வைத்திருப்பவர்கள் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், அதிலும் 32 பிட் பகுதியை விடக்கூடாது.

எந்த கேமுக்கும் லாஞ்சருக்கும் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வாரம் ஆட்டத்தில் திடீர் திடீரென்று ஒரு விநாடி உறைந்து நகர்ந்தது. அண்ணன், 'பாப்பா, உன் பக்கம்தான் லேக்கு, உன் பேருக்கு நேரே சிவப்பா காட்டுது' என்றார். புரோட்டானைத்தான் சந்தேகப்பட்டேன். ஆட்டமே இல்லாமல் ரூட்டருக்குப் பிங் அனுப்பிப் பார்த்தேன். பக்கத்து அறையில் இருக்கும் ரூட்டரிடமிருந்து 3 மில்லி செகண்டில் வர வேண்டியது, நடுநடுவே 150-க்கு மேல் போனது. உபுண்டு வழி வந்தவற்றில் நெட்வொர்க்மேனேஜர், வைஃபையை மின்சாரம் சேமிக்கும் நிலையில் வைத்திருக்கிறது. அதன் அமைப்பு ஃபைலில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருக்கும், 2 என்று மாற்றினால் சேமிப்பு நின்றுவிடும். மாற்றி, நெட்வொர்க்கை மறுபடி தொடங்கினேன். சிவப்பு போய்விட்டது. பிறகு ஒரு லேன் வயரே இழுத்துவிட்டேன், அதுதான் இன்னும் நல்லது.

முதல் தடவை ஒரு கேமைத் திறக்கும்போது வல்கன் ஷேடர்களை, அதாவது படம் வரையும் சின்ன புரோகிராம்களை, தயார் செய்கிறேன் என்று ஸ்டீம் ஒரு பட்டையைக் காட்டும். பெரிய கேமுக்கு என் மிஷினில் பத்து நிமிடம்கூட ஆகும். ஸ்கிப் பட்டன் இருக்கிறது, ஆனால் தாண்டிப் போனால் முதல் சில ஆட்டங்களில் திக்கித் திக்கி ஓடும். நண்பர்கள் காத்திருக்கும்போது அதைத் தொடங்காதீர்கள், முந்தின நாளே திறந்து மூடி வையுங்கள்.

மதிப்பெண் கேட்டால், புரோட்டானுக்கு 5-க்கு 4. குறைத்த ஒன்று, காரணம் சொல்லாத அந்த மூன்று விநாடிக்கு. ஆன்ட்டி-சீட் பூட்டுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை, அதைத் திறக்கும் சாவி இவர்கள் கையில் இல்லை. ஹீரோயிக்குக்கு நாலரை. லூட்ரிஸுக்கு மூன்றரை, கொஞ்சம் கைப்பழக்கம் வந்தவர்களுக்கு நாலு. நீங்கள் ஆடுவது வேலரன்ட், ஃபோர்ட்நைட் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 என்றால் புரோட்டானே வேண்டாம், இரண்டும் நேரடியாகவே லினக்ஸுக்கு வருகின்றன. மற்றவற்றுக்கு, வாங்கும் முன் புரோட்டான்டிபி, ஆர் வி ஆன்ட்டி-சீட் யெட் என்ற அந்த இரண்டு தளங்களிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது வியாழன் இரவே எங்கள் கேமில் அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்து இறக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு எதிராக ஐந்து நிமிடம் ஒரு சோதனை ஆட்டம், சிஸ்டம்32-க்குள் அந்த டிஎல்எல் அளவு மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை. வெள்ளி அன்று எதையும் தொடுவதில்லை. போன வாரம் அண்ணன் திராவிடர்களை எடுத்தார், நான் பிரிட்டன். அவர் ஹெட்போன் போடாமல் ஆடியதால் அந்தப் பக்கம் அவர் வீரர்கள் பேசும் தமிழ் என் காதிலும் கேட்டது.